பெரிய கோவிலில் பூட்டியிருக்கும் பாதியைப் பார்ப்பது எப்படி

பரதம் கற்றுக்கொண்டிருந்த வயதில் எங்கள் வாத்தியார் சொல்வார்: "தஞ்சாவூர்ப் பெரிய கோவில் மாடியில சிவபெருமானே கரணம் ஆடிக் காட்டறார், போய்ப் பாருங்கடி." கரணம் என்றால் கையும் காலும் சேர்ந்த ஓர் ஆட்ட அசைவு; நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. வாத்தியாரை நம்பித் திருச்சியிலிருந்து அம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மே மாதம், மதியம் ஒரு மணி. நடை சாத்தியிருந்தது. பிராகாரத்துக் கல் தோசைக்கல்லாய்க் கொதித்தது. மாடிக்கு வழி கேட்டால், "அதெல்லாம் யாரையும் விடறதில்லம்மா" என்றார் காவலர்.

உண்மைதான். கருவறையைச் சுற்றி, அதன்மேல் கோபுரம்போல் எழும் விமானத்துக்குள்ளேயே ஒரு குறுகலான சுற்றுப்பாதை இருக்கிறது. அதன் சுவர்களில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள்; அதற்கு மேல்தளத்தில் கரணச் சிற்பங்கள். இரண்டுமே பொதுமக்களுக்குக் கிடையாது. தொல்லியல் துறையின் அனுமதியோடு வரும் ஆய்வாளர்களுக்குத்தான். "நான் கூட்டிட்டுப் போறேன், ஏதாவது பார்த்துக் கொடுங்க" என்று யாராவது காதோரம் வந்து சொன்னால் நடையைக் கட்டுங்கள். எனக்கு அதில் ஐந்நூறு ரூபாய் போனது.

கோபப்பட்டுப் பயனில்லை. ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய ஓவியம் அது. அந்த இடுக்கில் தினமும் ஆயிரம் பேர் மூச்சுவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே நாயக்கர் காலத்தில் அதன்மேல் வேறு ஓவியம் பூசிவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை, அடியில் சோழர் ஓவியம் இருப்பது உலகத்துக்குத் தெரியாது.

சரி, போவது எப்படி? சந்நிதி பொதுவாக மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள். காலை ஆறு மணிக்கே உள்ளே இருங்கள். தரை குளிர்ந்திருக்கும், கிழக்கு வெயில் விமானத்தின் முகத்தில் விழும். பிரதோஷத்தன்றும் ராஜராஜன் பிறந்தநாளான ஐப்பசி சதய விழாவின்போதும் கூட்டம் நெரியும். கலை பார்க்க வருபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். வெயில் ஏறும்வரை இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இது அம்மாவின் யோசனை.

கோவில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் கண்காட்சிக்கூடம் ஒன்று உண்டு. உள்ளே பூட்டியிருக்கும் ஓவியங்களின் படங்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் கடைசியில் களைத்துப்போய் எட்டிப் பார்க்கும் இடம் இது. என் கட்சி, முதல் சுற்றை முடித்ததும் நேரே இங்கே வந்துவிட வேண்டும். ஓர் ஓவியத்தில், வெள்ளை யானையில் நாயன்மாரான சுந்தரர் கயிலாயம் போகிறார். கூடவே குதிரையில் அவருடைய நண்பர், சேர மன்னர் சேரமான் பெருமாள். அந்த யானையையும் குதிரையையும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளியே வந்து விமானத்தை இன்னொரு முறை வலம் வாருங்கள். தெற்குச் சுவரருகே நிற்கும்போது, அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். மேற்கே வந்தால் சுந்தரரின் யானை. வடக்கே, தேரில் நின்று வில் வளைக்கும் திரிபுராந்தகர், அதாவது முப்புரம் எரித்த சிவன். அவரை வெளியிலும் காணலாம்: கோஷ்டங்கள் எனும் சுவர் மாடங்களின் மேல்வரிசையை அண்ணாந்து பாருங்கள், திரும்பத் திரும்ப அவரேதான். பைனாகுலர் இருந்தால் பேஷ். அடித்தளத்துக் கல்வெட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது கதைவிட்டால், உங்கள் காலடியைக் காட்டுங்கள். அந்த நிழலில்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கரணங்களுக்கு என்ன வழி? மேல்தளத்தில் 108இல் 81தான் செதுக்கி முடித்திருக்கிறார்கள், மிச்சம் 27 இடங்களும் வெறும் கல். அதனால் சிதம்பரத்துக்கு ரயில் ஏறுங்கள். அங்கே நடராஜர் கோவில் கோபுர வாசலின் உட்சுவர்களில் கரணங்கள் வரிசையாக இருக்கின்றன, பூட்டும் இல்லை சாவியும் இல்லை. தஞ்சையில் நான்கு கைகளோடு சிவன் ஆடுவதை இங்கே பெண்கள் ஆடுகிறார்கள். கிழக்கு வாசலில் நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் உண்டு.

சின்னச் சின்ன உருவங்கள், அடுக்கடுக்காக மேலே போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். போக வர ஆள் இருந்துகொண்டே இருக்கும் வாசல் என்பதால் ஓரமாக நின்று பாருங்கள். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தைத் தேடிப்பிடித்து, நான் அங்கேயே இரண்டு கையையும் குவித்து இடுப்பருகே வைத்துப் பார்த்தேன். பூக்காரம்மா ஒருத்தி அதைக் கும்பிடு என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கிப் போனாள்.