பொடுகு ஷாம்பு 5 நிமிஷம் தலையில் இருக்கணும்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். சேலையைப் பிரித்து என் தோளில் போட்டுக் காட்டினால்தான் வாங்க வருகிறவர்களுக்கு அதன் எடுப்பு தெரியும். அப்படி ஒருநாள் கருநீலப் பட்டைப் போட்டபோது என் தலையிலிருந்து பொடுகும் கூடவே உதிர்ந்தது. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. "வேற ஒண்ணு காட்டுங்க" என்றார். அன்று சாயங்காலமே தோல் டாக்டரிடம் போய்விட்டேன்.

அவர் முதலில் பார்த்தது தலையை இல்லை. என் புருவத்தையும் மூக்கோரத்தையும். அங்கேயும் மஞ்சளாய், பிசுக்காய்ச் செதில். செபோரிக் டெர்மடைடிஸ் என்றார். பொடுகுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது, சிலருடைய தோலுக்கு மட்டும் அது ஆகாது. அழுக்கால் வருவதில்லை, சீப்பால் ஒட்டுவதும் இல்லை.

எழுதிக் கொடுத்தது அந்தப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. இதை நான் ஏற்கெனவே வாங்கிப் போட்டுப் பார்த்து, பிரயோஜனமில்லை என்று தூக்கிப் போட்டவள். தப்பு ஷாம்புவில் இல்லை. நுரை வந்ததும் அலசிவிடுவேன், அதுதான் தப்பு. மருந்து முடிக்கு இல்லை, தோலுக்கு.

இப்போது செய்வது இப்படி. முதலில் சாதா ஷாம்பு போட்டுப் பிசுக்கை எடுத்துவிடுவேன். பிறகு வகிடு வகிடாகப் பிரித்து, மருந்து ஷாம்புவை விரல் நுனியால் தோலில் படும்படி தடவுவேன். நகம் படக் கூடாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மறக்காமல். அப்புறம் 5 நிமிஷம் அப்படியே விட வேண்டும். குளியலறையில் 5 நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது; அந்த நேரத்தில் ரெண்டு ஜாக்கெட்டைத் துவைத்துவிடுவேன். வாரத்துக்கு ரெண்டு தடவை, 4 வாரம். எனக்கு மூன்றாவது வாரம் அரிப்பு நின்றது. நின்றதும் விட்டுவிடாதீர்கள், திரும்பி வரும். 2 வாரத்துக்கு ஒருமுறையாவது தொடர வேண்டும்.

தடிப்பாக ஒட்டியிருந்த செதிலுக்கு மட்டும் சாலிசிலிக் அமில லோஷன் தந்தார். பேன் சீப்பால் சுரண்டி எடுத்தால் முடியும் சேர்ந்து வரும், புண்ணாகி நீர் வடியும். எலுமிச்சம்பழமும் வேண்டாம். சுரண்டிய தலையில் அதைத் தேய்த்துவிட்டு நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அப்படித்தான். எனக்கு ரெண்டே நாளில் கேட்டது, நிறுத்தினதும் முன்னைவிட மோசமாக வந்தது. முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் போடாதீர்கள்.

வீட்டில் பெரிய சண்டை எண்ணெய்க்குத்தான். "எண்ணெ வைக்காம தலை காய்ஞ்சுதான் பொடுகு வருது" என்பது அம்மாவின் கட்சி. அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே எண்ணெயில் இருக்கும் கொழுப்பு. ராத்திரி தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு படுப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். முடி நுனியில் தடவலாம், தோலில் வேண்டாம்.

உதிர்வதெல்லாம் பொடுகும் இல்லை. வெள்ளிப் பொருக்கு மாதிரி தடித்து, ஓரம் கோடு போட்டதுபோல் நெற்றி வரை இறங்கியிருந்தால், முழங்கையிலும் அதேபோல் இருந்தால், சோரியாசிஸாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. சிறுபிள்ளைகளுக்கு வட்டமாக முடி உடைந்து செதிலாக இருந்தால் படர்தாமரை. எதிர்வீட்டுப் பையனுக்கு வந்தது. அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருப்பதால் வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒட்டவும் செய்யும், சீப்பு, துண்டு, தலையணை உறையெல்லாம் தனி. ஊதினாலும் இழுத்தாலும் முடியை விட்டு நகராத வெள்ளைப் புள்ளி என்றால் அது ஈர், பேனின் முட்டை; பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு மட்டும் அம்மாவிடம் தலையைக் கொடுத்துவிடுவேன். விடியற்காலையில் உச்சியில் ஒரு கை நல்லெண்ணெய் வைப்பார். சீயக்காய் போட்டு அலசிவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போனதும் நான் ஷாம்பு பாட்டிலை எடுப்பேன்.