புது டேப் வாங்காமல் தப்பித்தேன்

என் பழைய டேப்லெட்டில் 'வாழைப்பழம்' என்று தட்டினால் 'வா'வோடு நின்றுவிடும். கொஞ்சம் கழித்து மீதி எழுத்துகள் மொத்தமாகக் கொட்டும். புது டேப்லெட்டுக்கு ரூ. 20,000 ஒதுக்கியும் ஆயிற்று. எதற்கும் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பார்த்தேன். 32 ஜிபியில் அரை ஜிபிகூட மிச்சமில்லை. எல்லாம் சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்க வீடியோக்கள்! அழித்து, கீபோர்டு தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருந்த தரவையும் (கேஷ்) காலி செய்து, ரீஸ்டார்ட் செய்ததும் தாமதம் போயிற்று.

தப்பெழுத்து மட்டும் போகவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டி, 'ழ'வுக்கு இசட், எச் தேடுவதை விட்டுவிட்டு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்புக்கு மாறினேன். உயிரெழுத்து இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். க, ஆ தட்டினால் கா. முதல் வாரம் எரிச்சல்தான், மறைக்க மாட்டேன். இப்போது இந்தக் குறிப்பையே அந்தப் பழைய டேப்பில்தான் அடிக்கிறேன்.