பஸ் ஏறுவது முதல் மோட்டார் அணைப்பது வரை: ஃப்ரேசல் வெர்ப் பழகலாம் வாங்க

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊர் பாளையங்கோட்டை. அங்கே பள்ளி, கல்லூரி முடித்த பிள்ளைகளும் ஆங்கிலத்தில் நாலு பேர் சகஜமாகப் பேசிக்கொண்டால் திகைத்துப்போகிறார்கள். கடினமான சொற்கள் அவர்களுக்குத் தெரியும். இடறிவிடுவது கெட், புட், லுக், டர்ன் மாதிரி சின்னச் சொற்கள்தான். 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும்; 'தே புட் ஆஃப் த மீட்டிங்' என்றால் முழிக்கிறார்கள். கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்படி ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், ஆன் என ஒரு குட்டிச்சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். நூற்றுக்கணக்கில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம், அது பரீட்சையோடு போய்விடும். உங்கள் ஒரு நாளில் நீங்கள் நிஜமாகவே சொல்லக்கூடிய வாக்கியமாகப் படியுங்கள்.

படி 1: காலையிலிருந்து தொடங்குங்கள்

'வேக் அப்' என்றால் கண் விழிப்பது. 'கெட் அப்' என்றால் படுக்கையை விட்டு எழுந்திருப்பது. 'ஐ வேக் அப் அட் ஃபைவ், பட் ஐ கெட் அப் அட் சிக்ஸ்' என்று சொன்னால், அஞ்சு மணிக்கு விழித்து ஆறு மணி வரை புரண்டுகொண்டிருந்தது புரியும். சட்டையைப் போடுவது 'புட் ஆன்', கழற்றுவது 'டேக் ஆஃப்'.

காலம் மாறும்போது வினைச்சொல் மட்டும் மாறும், குட்டிச்சொல் அப்படியே நிற்கும். வேக் அப், வோக் அப் ஆகும். கெட் அப், காட் அப் ஆகும்.

படி 2: ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் எந்த வண்டியானாலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆங்கிலத்தில் வண்டியைப் பொறுத்து மாறும். பஸ், ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்க முடிந்த வண்டி என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். 'ஐ காட் ஆன் த பஸ் அட் வண்ணார்பேட்டை அண்ட் காட் ஆஃப் அட் ஜங்ஷன்.' குனிந்து உட்காருகிற கார், ஆட்டோ என்றால் கெட் இன்டு, கெட் அவுட் ஆஃப் (இந்த ஆஃப் off அல்ல, of). சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஆன், ஆஃப்தான்.

'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்று நம்மூரில் எல்லாரும் சொல்வோம். இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெளிநாட்டுக்காரரிடமோ, ஆங்கிலத் தேர்விலோ 'கெட் ஆஃப் த பஸ்' என்றே சொல்லிப் பழகுங்கள்.

படி 3: 'இட்' எங்கே நிற்க வேண்டும்?

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை அணைக்க வேண்டும். 'டர்ன் ஆஃப் த மோட்டார்' சரி. 'டர்ன் த மோட்டார் ஆஃப்' என்பதும் சரி. மோட்டார் என்ற பெயரை விட்டு 'அதை' என்று சொல்ல வந்தால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்.' 'டர்ன் ஆஃப் இட்' என்பது தப்பு. இட், தெம், மீ, ஹிம், ஹெர், அஸ் எல்லாமே இப்படி நடுவில்தான் உட்காரும்.

காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். 'மாமா, என்னைய ஜங்ஷன்ல வந்து கூட்டிக்கிடுங்க' என்பதற்கு 'பிக் மீ அப் அட் ஜங்ஷன்.' 'பிக் அப் மீ' என்று வாய் தானாக வரும், கவனமாகத் தடுங்கள். அப்புறம் தங்கச்சியைக் காலேஜில் கொண்டுபோய் விட வேண்டுமா? 'ட்ராப் ஹெர் ஆஃப் அட் த காலேஜ்.'

நடுவில் எதையும் விடாத ஃப்ரேசல் வெர்ப்களும் உண்டு. ஆச்சியைக் கவனித்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர் ஆச்சி', அவளைக் கவனித்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர் ஹெர்.' 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று ஒருநாளும் வராது. தேடுவதற்கு வரும் 'லுக் ஃபார்' என்பதும் இதே ரகம்தான். எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கற்பவர்களுக்கான நல்ல அகராதியில் 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் போட்டிருந்தால் பிரியும், 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று கடைசியில் போட்டிருந்தால் பிரியாது. புதிதாக ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது நீங்களும் நோட்டில் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று வீட்டில் பேசிப் பேசி, ஆங்கிலத்திலும் 'ஆஃப் த ஃபேன்' என்று வந்துவிடுகிறது. 'ஆஃப்' இங்கே தனியாக வினைச்சொல் ஆகாது, முன்னால் ஒரு டர்ன் அல்லது ஸ்விட்ச் வேண்டும்.

படி 4: ஆஃப் ஒன்றுதான், பொருள் வேறு

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, 'த மான்சூன் ஹாஸ் செட் இன்.' குற்றாலம் போகக் கிளம்பும் நேரத்தில், அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வருகிறது. அடுத்த ஞாயிறு போகலாம் என்று முடிவெடுத்தால் 'வி புட் ஆஃப் த ட்ரிப் டில் நெக்ஸ்ட் சண்டே.' போகவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் 'வி கால்ட் ஆஃப் த ட்ரிப்.' முன்னது ஒத்திப்போடுவது, பின்னது ரத்து செய்வது. மாற்றிச் சொன்னால் கேட்டவர் வண்டி பிடிக்காமல் இருந்துவிடுவார், அல்லது வீணாகக் காத்திருப்பார். அலுவலகக் கடிதமாக இருந்தால் போஸ்ட்போன், கேன்சல் என்று எழுதுவது பொருத்தம்.

தீர்ந்துபோவது 'ரன் அவுட் ஆஃப்' (இதுவும் off அல்ல, of). இருட்டுக்கடைக்குச் சாயங்காலம் தாமதமாகப் போனால் காதில் விழக்கூடியது: 'தே ஹாவ் ரன் அவுட் ஆஃப் அல்வா.' வீட்டில் பால், அரிசி, மொபைல் டேட்டா எது தீர்ந்தாலும் இதுவே போதும். பஸ் வழியில் பழுதாகி நின்றால் 'ப்ரோக் டவுன்.'

படி 5: இன்டர்வியூவுக்கு முன் இந்த இரண்டையும் சரிபாருங்கள்

'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நம் பிள்ளைகள் படிப்பு முடித்த வருஷத்தைச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் காதில் அது 'மயங்கி விழுந்தேன்' என்று கேட்கும். 'ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் சேவியர்ஸ் இன் 2019' என்று சொல்லுங்கள். அதேபோல் 'கோப் அப் வித்' என்பதில் அந்த 'அப்' தேவையில்லை. 'ஐ கேன் கோப் வித் பிரஷர்' போதும்.

படி 6: வாய்விட்டுச் சொல்லுங்கள்

'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழ வேண்டும். 'பிக் இட் அப்' என்பதை மூன்று சொல்லாக வெட்டாமல் 'பிக்கிட்டப்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். காதில் அது ஒரே சொல்லாக விழுந்து பழகினால், அடுத்தவர் வேகமாகப் பேசும்போதும் பிடிபடும்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள்.

'லைட்ட அணைச்சிட்டியா?' 'இன்னும் அணைக்கல.'
'ஆச்சிய யாரு பாத்துக்கிடுதா?' 'சித்தி பாத்துக்கிடுதா.'
'கல்யாணத்தத் தள்ளி வச்சிட்டாங்களா?' 'ஆமா, தை மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டாங்க.'

விடைகள்:

'டிட் யூ டர்ன் ஆஃப் த லைட்?' 'நோ, ஐ ஹாவன்ட் டர்ன்ட் இட் ஆஃப் யெட்.'
'ஹூ இஸ் லுக்கிங் ஆஃப்டர் ஆச்சி?' 'சித்தி இஸ் லுக்கிங் ஆஃப்டர் ஹெர்.'
'ஹாவ் தே புட் ஆஃப் த வெட்டிங்?' 'யெஸ், தே ஹாவ் புட் இட் ஆஃப் டில் தை.'