நானுஓயாவில் கோச்சி நின்றுவிட்டால்

இலங்கை மலைநாட்டில், மழைக் காலத்தில் பதுளைக்குப் போக கோச்சியை, அதாவது ரயிலை மட்டும் நம்பக் கூடாது. பட்டிப்பொலைப் பக்கம் மண்சரிவு, வண்டி நானுஓயா ஸ்டேஷனோடு சரி, மேலே போகாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வேன்காரர்கள் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை.

ரோட்டுக்கு வந்து நுவரெலியா பஸ்ஸைப் பிடித்தேன். கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர்தான். அங்கே பதுளை பஸ்ஸுக்காகக் காத்து நிற்காமல், வழியில் உள்ள வெலிமடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இதுதான் முக்கியம். பலகையில் சிங்கள எழுத்துதான் பெரிதாகத் தெரியும்; கொண்டக்டர் "வெலிமட, வெலிமட" என்று கூவுவதைக் கவனித்தால் போதும். பெரிய பையை டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் வைக்கச் சொன்னார்கள். அது நன்றாகச் சூடேறும், சோற்றுப் பார்சல் இருந்தால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சீத்தாஎலிய அம்மன் கோயில், ஹக்கல பூங்கா தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து இறங்கும். தேயிலை குறைந்து மரக்கறித் தோட்டங்கள் வரும், அப்புறம் ஊவா மாகாணம். அந்த இறக்கத்துக்காகவே மறுபடியும் போகலாம், அவ்வளவு அழகு!

வெலிமடையில் பதுளை பஸ்ஸுக்கு மாறினேன். எல்ல போகிறவர்கள் அங்கிருந்து பண்டாரவளை பஸ் எடுத்து, பண்டாரவளையில் மாறலாம். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். இருட்டினால் பஸ் குறைந்துவிடும், அதனால் நுவரெலியாவில் தேநீருக்கு உட்காராதீர்கள்.