'நாப்' என்ற ஆங்கில வினைச்சொல்: அர்த்தமும் புழக்கமும், படிப்படியாக

ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'நாப்' (nab). அகராதியில் பார்த்தால் 'பிடி' என்று இருக்கும். அதை அப்படியே நம்பி எழுதினால் தவறு வரும். தமிழில் திருடனைப் பிடிக்கிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளியும் பிடிக்கிறது. கடைசி இரண்டுக்கும் 'கேட்ச்' பொருந்தும், 'நாப்' பொருந்தாது. இதற்கு நெருக்கமான தமிழ்ச் சொல் பேச்சுவழக்கில் வரும் 'அமுக்கு'.

படி 1: முதலில் ஒலி

தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லைச் சரியாகக் காட்ட வழியில்லை. கடைசி 'ப்', 'அம்பு' என்பதில் ஒலிக்கும் ப. 'அப்பா'வில் வரும் ப ஒலியை வைத்துவிட்டால் அது வேறு சொல்: குட்டித் தூக்கம். நடுவில் வரும் உயிரொலிக்கு, 'பேங்க்' என்பதை ஆங்கிலத்தில் சொல்வதுபோல வாயை அகலத் திறக்க வேண்டும்.

இறந்தகாலத்தில் கடைசி எழுத்தான 'பி' இரட்டிக்கும். ஒரு 'பி' மட்டும் போட்டால் படிப்பவர் அதை 'நேய்ப்ட்' என்றுதான் வாசிப்பார். உச்சரிக்கும்போது ஒரே அசை, 'நாப்ட்'. 'நாபெட்' என்று இரண்டாக உடைக்க வேண்டாம்.

படி 2: 'அமுக்கு' வைத்துப் பாருங்கள்

"போலீஸ் ரெண்டு பேரை அமுக்கிட்டாங்க." "ஜன்னல் சீட்டை அமுக்கிட்டேன்." "என் பேனாவை யாரோ அமுக்கிட்டாங்க." கைது, முந்திக்கொண்டு எடுப்பது, சின்னத் திருட்டு: மூன்றுக்கும் 'நாப்' வரும். "ஐ நாப்ட் எ விண்டோ சீட்" என்பது நல்ல, இயல்பான ஆங்கிலம்.

ஆனால் பட்டனை அமுக்குவதற்கும் விஷயத்தை வெளியே தெரியாமல் அமுக்குவதற்கும் இது வராது. ஆளோ பொருளோ சட்டென்று கைக்குள் வர வேண்டும்.

படி 3: வாக்கியத்தில் வைப்பது

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 'திருடன் பிடிபட்டான்' என்பதை "த தீஃப் நாப்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் 'பிடிபட்டான்', 'சிக்கினான்', 'மாட்டினான்' எல்லாம் செயப்படுபொருள் இல்லாமலே நிற்கும். 'நாப்' அப்படி நிற்காது. யாரை, எதை என்று சொல்லியாக வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தைப் படிப்பவர் திருடன் எதையோ அமுக்கினான் என்று எடுத்துக்கொண்டு மீதிக்குக் காத்திருப்பார். சரியான வடிவம் "த தீஃப் வாஸ் நாப்ட்". பேச்சில் "காட் நாப்ட்" என்பார்கள். நம் 'மாட்டிக்கிட்டான்' இதுதான்.

காரணம் சொல்ல 'ஃபார்' போட்டு, பின்னால் 'இங்' வடிவம்: "ஹீ வாஸ் நாப்ட் ஃபார் ஸ்பீடிங்". பிடித்தவரைச் சொல்ல 'பை'.

படி 4: தலைப்பை வாசிப்பது

"டூ நாப்ட் ஃபார் செயின் ஸ்நாட்ச்சிங்" என்ற தலைப்பில் பிடித்தது யார்? அந்த இருவர் பிடிக்கவில்லை, பிடிபட்டார்கள். இடத்தை மிச்சப்படுத்த 'வேர்' என்ற துணைவினையை விட்டிருக்கிறார்கள். "போலீஸ் நாப் டூ" என்றால் நேற்று நடந்ததையே நிகழ்காலத்தில் சொல்கிறார்கள். 'அரெஸ்ட்' ஆறு எழுத்து, 'நாப்' மூன்று. ஒற்றைப் பத்தித் தலைப்பில் அந்த மூன்று எழுத்து பெரிய விஷயம்.

படி 5: பக்கத்துச் சொற்கள்

'ஸ்நாட்ச்' என்றால் வெடுக்கென்று பறிப்பது. கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவதற்கு இதுதான் சொல். பறித்தவனைப் போலீஸ் பிடித்தால் 'நாப்'. கஞ்சாவையோ கடத்தல் தங்கத்தையோ அதிகாரிகள் 'நாப்' செய்வதில்லை. பறிமுதலுக்கு 'சீஸ்'.

'நிக்' பிரிட்டனில் புழங்குவது. கைது, திருட்டு இரண்டும் அதில் உண்டு, 'த நிக்' என்றால் காவல் நிலையம் அல்லது சிறை. 'காலர்' சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடிப்பதிலிருந்து வந்தது. 'பஸ்ட்' போதைப்பொருள் சோதனைச் செய்திகளில் அதிகம். எளிதில் கிடைக்காத பொருளை முந்திக்கொண்டு கைப்பற்றினால் 'ஸ்நாக்'.

'கிட்நாப்' என்பதன் பின்பாதியும் இதே குடும்பம்தான். 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் வேலைக்கு விற்கச் சிறுவர்களைத் தூக்கிச் சென்றவர்களைக் குறிக்கப் பிறந்த சொல் அது.

படி 6: எங்கே தவிர்க்க வேண்டும்

காவல் நிலையப் புகார், நீதிமன்ற மனு, அலுவலகக் கடிதம், தேர்வுக் கட்டுரை எதிலும் 'நாப்' வேண்டாம். 'அமுக்கிட்டாங்க' என்று தமிழ் மனுவில் எழுதுவோமா? அங்கே 'அரெஸ்ட்' எழுதுங்கள். ஆனால் விசாரணைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்திருப்பது மட்டும் நடந்திருந்தால் 'டிடெய்ன்'. சட்டப்படி கைது செய்த பிறகுதான் 'அரெஸ்ட்'. பொதுமக்களே ஓடிப்போய்ப் பிடித்தார்கள் என்றால் 'கேட்ச்' என்பதன் இறந்தகாலமான 'காட்' போதும்.