மூக்கடைப்பும் குறட்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறட்டை மூக்கில் பிறக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஒலி எழுவது தொண்டையில்தான். உறக்கத்தில் தளர்ந்துபோன மென்மையான மேலண்ணமும் உள்நாக்கும் மூச்சுக்காற்றில் அதிர்வதால் அது எழுகிறது. ஆனாலும் மூக்குக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மூக்கு அடைத்திருந்தால் காற்றை வலிந்து இழுக்க வேண்டியிருப்பதால் தொண்டைச் சுவர்கள் உள்நோக்கி ஒடுங்குகின்றன. வாய் திறந்துகொண்டாலோ, தாடை இறங்கி, நாக்கு பின்னால் சரிந்து வழியை இன்னும் குறுக்கிவிடுகிறது.

அடைப்பு எங்கே என்று பாராமலே மருந்து தேடுவது முதல் தவறு. மூக்கையொட்டிய கன்னத்தில் இரு விரல்களை வைத்துக் காதுப்பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போது மூச்சு சட்டென்று இலகுவானால், குறுகலான இடம் நாசித்துவாரத்தை அடுத்தே இருக்கக்கூடும். மூக்கின் மேல் ஒட்டும் பட்டை அத்தகையவர்களுக்கு உதவும். ஒவ்வாமையால் உள்ளே வீங்கியிருந்தால் பட்டையால் பெரிய பயன் இராது. அதற்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நாள்தோறும் சில வாரங்களாவது பயன்படுத்த வேண்டும். இரண்டு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுவது வீண். அதன் முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்புறம் சாய்ந்திருந்தால் இரத்தக்கசிவு குறையும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகள். சில நிமிடங்களிலேயே மூக்கைத் திறந்துவிடுவதால்தான் அவை ஆளை மயக்குகின்றன. 3 முதல் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்குகிறது. நள்ளிரவில் விழித்துத் தலையணைக்கடியில் குப்பியைத் துழாவும் நிலை இப்படித்தான் வருகிறது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர் காய்ச்சி ஆறவைத்த நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். அடைத்த மூக்கோடு வாயில் பட்டை ஒட்டிக்கொண்டு உறங்குவது ஆபத்தானது.

சத்தம் குறைந்ததும் நோயும் போய்விட்டது என்று நம்புவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. உறக்கத்தில் 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வரும் உறக்க மூச்சுத்தடை, மூக்கைத் திறப்பதால் மட்டும் பெரும்பாலும் தீர்வதில்லை. குறட்டை திடீரென அடங்கி, பிறகு திணறலோடு மூச்சு திரும்புவதைப் பக்கத்தில் படுப்பவர் கவனித்தாலோ, பகலில் தூக்கம் அமுக்கினாலோ, உறக்கப் பரிசோதனை அவசியம். முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் (CPAP) கருவி தேவைப்பட்டாலும் மூக்கைக் கவனித்தது வீணாகாது. திறந்த மூக்கு உள்ளவர்களுக்கே அந்த முகமூடியை இரவு முழுவதும் அணிந்திருப்பது எளிதாகிறது.