புதிதாக வந்த பால் பைத்தானை முதல் வாரம் தொடாதீர்கள்

பால் பைத்தான் (ball python) என்பது வீட்டில் வளர்க்கப்படும் ஒரு மலைப்பாம்பு வகை. பெயரில் பால் இருக்கிறதே என்று கிண்ணத்தில் பால் வைத்துவிடாதீர்கள். பயந்தால் பந்து (ஆங்கிலத்தில் ball) போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் கையில் எடுக்காமல், இரை கொடுக்காமல் விட்டுவிடுங்கள். ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்! மேற்கு ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பதுங்கிக் கிடக்கும் இனம் இது. அதனால் கூண்டில் ஒளிய இரண்டு இடம் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஒன்றை மட்டும் வைத்தால், பயத்தில் அங்கேயே கிடந்து உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளாது.

சூடான பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-27. தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) போடவே போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறைந்தால் தோல் துண்டு துண்டாக உரியும்.

அப்புறம், இரை. பாம்பின் உடம்பில் பருத்த இடத்தின் அளவுக்கு ஓர் எலி போதும். உறைய வைத்ததை நன்றாக உருக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டுங்கள். தின்ற பிறகு 2 நாள் தூக்காதீர்கள், கக்கிவிடும். சில வாரம் சாப்பிடாவிட்டாலும் பதறாமல் எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.